செவி கொடுத்த வள்ளல்

முல்லைக்குத் தேர் கொடுத்தான் பாரி. மயிலுக்குப் போர்வை கொடுத்தான் பேகன். செத்தும் கொடுத்தார் கீழக்கரைச் சீதக்காதி. கொடைக்குப் பேர்போன இம்மூவரையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனாலும் அவர்கள் கொடுத்தவை யாவும் கையால் தொடக்கூடிய பொருள்கள். கொடுத்ததோடு மறந்தும் போனார்கள். தம் செவியையே கொடுத்து, அந்தச் செவி வழியே ஓர் இளைஞனின் நெஞ்சுக்குள் கிடந்ததையெல்லாம் பெற்றுக்கொண்டு, பெற்றதை நான்கு மாதம் மறவாமல் பேணி, வேளை வந்ததும் அதையே ஒரு கடிதமாக்கி அவன் கையில் ஒப்படைத்த பெருவள்ளல் ஒருவரைத் தமிழுலகம் இன்னும் பாடவில்லை. அந்தக் குறை என்னோடு தீரட்டும் என்றுதான் இந்த வாழ்த்து மடலை எழுதுகிறேன்.

வள்ளலின் திருப்பெயரை இங்கே பொறிக்கமாட்டேன். அவர் தன்னடக்கம் மிக்கவர். அந்தக் கடிதத்தில்கூடத் தம் பெயரைப் போடாமல் ‘நிர்வாகம்’ என்ற ஒற்றைச் சொல்லின் பின்னே ஒதுங்கி நின்றவர். அவருடைய அலுவலகத்தின் பெயரும் வேண்டாம். மட்டக்களப்பு வாவியைப் பார்த்த ஒரு மேல்மாடி, வெளிநாட்டு நிதியில் நடக்கும் செயற்றிட்டம், கண்ணாடிக் கதவு, குளிரூட்டி என்ற அளவில் போதும். அவருடைய கொடையைப் பெறும் பேறு வாய்த்தவன் என் சாச்சியின் மகன், எனக்குத் தம்பி முறை. காத்தான்குடிப் பொடியன். என்னைக் காக்கா என்று கூப்பிடுகிறவன். அங்கே கணக்குப் பகுதியில் வேலை பார்த்தவன்.

2024 ஒக்டோபர் 10, வியாழக்கிழமை, உலக மனநல தினம். அந்த ஆண்டுக்கு உலகம் தெரிந்தெடுத்த கருப்பொருளே பணியிடத்தில் மனநலம் என்பதுதான். அப்படியொரு நாளை எங்கள் வள்ளல் வெறுமனே கழியவிடுவாரா? பச்சை ரிப்பன்கள் வந்தன. பச்சை ஐசிங் பூசிய கேக் வந்தது. சுவரில் பதாகை ஏறியது. 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கம் தூரத்திலிருந்தே தெரியும்படி அதில் அச்சிடப்பட்டிருந்தது. ஒலிவாங்கியைப் பிடித்து வள்ளல் முக்கால் மணி நேரம் திருவாய் மலர்ந்தார். பேசாமல் இருப்பதன் தீமை பற்றி அவர் பேசினார். மனதில் வைத்துப் புழுங்காதீர்கள் என்றார். ‘இந்த ஒபிஸ் உங்கட வீடு, நான் சேர் இல்ல, உங்கட மூத்த சகோதரன்’ என்றபோது அவருடைய குரல் தழுதழுத்ததாம். அப்படித் தழுதழுக்க எத்தனை ஆண்டு பயிற்சி வேண்டும்!

அந்தக் குரல் யாருடைய காதில் விழுந்தது என்பதை வெளியூர் வாசகர்கள் தெரிந்துகொண்டால்தான் வள்ளலின் ஆற்றல் முழுதாக விளங்கும். எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் ஊர். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் இருமினால் மறு வீட்டில் தண்ணீர் கொண்டுவருவார்கள். ஆனால் மனம் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். 1990 ஓகஸ்ட் 3 இரவு இஷாத் தொழுகையில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுடப்பட்டு ஷஹீதானார்கள். அன்று சிறுவர்களாக இருந்து உயிர்தப்பியவர்கள் இன்றைக்கு நரைத்த தாடியோடு கடையில் இருக்கிறார்கள்; பட்டாசுச் சத்தத்துக்கு உடம்பு அதிர்வதை ‘பிரஷர்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். 2004 டிசம்பரில் கடல் வந்தது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஊரின் பேரைச் சொல்வதே குற்ற ஒப்புதல்போல் ஆனது; வெளியூரில் நேர்முகத் தேர்வுக்குப் போன பிள்ளைகள் முகவரி சொல்லும் இடத்தில் குரலைத் தாழ்த்தினார்கள். இத்தனையும் தாங்கிய ஊரில் நடுக்கம் வந்தால் ஜின், உறக்கம் போனால் கண்ணூறு, அழுகை அடங்காவிட்டால் எவனோ செய்த சூனியம். அதற்கும் மேலே போனால் ஒரே சொல்: அங்கொடை. கொழும்புப் பக்கத்தில் மனநல ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தின் பெயர் அது. எங்கள் பக்கத்தில் அது ஓர் ஏச்சு.

கடல் வந்த காலையில் என் தம்பிக்கு ஆறு வயது. ஒரு தென்னையோடு ஒட்டிக் கிடந்தவனைப் பின்னேரம்தான் இறக்கினார்கள். இருபது வருசம் அவன் அதைப்பற்றி வீட்டில் பேசியதில்லை. இருபத்திரண்டாம் வயதில் நெஞ்சு அடைத்து மூச்சுமுட்டி, மாரடைப்பென்று ஆஸ்பத்திரிக்கு ஓடியபோதுதான் இதயத்தில் பழுதில்லை என்று சொல்லி மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அன்று முதல் இரவில் ஒரு குளிசை, மாதம் ஒரு கிளினிக். அந்தக் கிளினிக் கொப்பியை அவனுடைய உம்மா அரிசிப் பீப்பாவுக்குள் வைத்திருந்தார். பெறுமதியான பொருளை வைக்கும் இடம் அதுதான்.

அப்படிப்பட்டவனை, ஊரும் உறவும் மருத்துவரும் இருபது வருசத்தில் பேசவைக்க முடியாதவனை, முக்கால் மணி நேரத்தில் எழுந்து நிற்கவைத்தார் எங்கள் வள்ளல். தம்பி எழுந்தான். ‘சேர், எனக்கும் இருக்கு’ என்றான். பதின்மூன்று பேர் கைதட்டினார்கள். வள்ளல் இறங்கிவந்து கட்டித் தழுவினார். படம் எடுத்தார்கள். அந்தப் படம் நிதி கொடுப்போருக்குப் போகும் வருடாந்த அறிக்கையின் பதினோராம் பக்கத்தில் இன்றும் வண்ணத்தில் இருக்கிறது. முகத்தை மட்டும் மங்கலாக்கி மானத்தைக் காத்திருக்கிறார்கள். சட்டையை ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கல்லடிப் பாலத்தின் கீழே நிலாக் காலத்தில் மீன் பாடும் என்பார்கள். தோணியில் போகிறவர்கள் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மறுநுனியில் காதை வைத்து அந்தப் பாட்டைக் கேட்பார்கள். கேட்டுவிட்டுக் கரைக்கு வந்துவிடுவார்கள். என்னே அவர்களின் வெகுளித்தனம்! மீன் எந்த இடத்தில் கிடக்கிறது என்பதைப் பாட்டிலிருந்து அறிந்துகொண்டு, வலை வீசும் நாள்வரை பொறுத்திருக்கும் ஞானம் அந்தத் தோணிக்காரர்களுக்கு எங்கே வந்தது? கேட்டல் என்ற கலை எங்கள் வாவிக்கரையில் முழுமை பெற்றது இந்த வள்ளலின் காலத்தில்தான்.

அடுத்த நாள் தம்பி அவருடைய அறைக்குப் போனான். அவன் கேட்டது இரண்டே இரண்டு. குளிசை குடித்த மறுநாள் காலை தலை பாரமாக இருக்கிறது. எட்டரைக்குப் பதில் ஒன்பதுக்கு வந்து, பின்னேரம் அரை மணித்தியாலம் கூட நின்று வேலையை முடித்துத் தருகிறேன். மாதத்தில் ஒரு காலைப்பொழுது கிளினிக்குக்குப் போக விடுங்கள். வள்ளல் நகைத்தார். ‘இதெல்லாம் ஒரு விசயமா தம்பி? வாங்க, போங்க.’ எழுத்தில் தரமுடியுமா என்று பொடியன் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறான். கணக்கு வேலை பார்த்தவன், காகிதத்தை நம்பிப் பழகியவன். ‘நமக்குள்ள என்னத்துக்கு எழுத்து?’ என்றாராம் வள்ளல். எத்தனை பெரிய வார்த்தை! அன்புக்கும் அன்புக்கும் இடையில் ஒரு முத்திரையையோ திகதியையோ நுழையவிடாத அந்தப் பெருந்தன்மையை நினைத்து நினைத்து நான் பல இரவு உறங்கவில்லை.

இரகசியத்தை அவர் காத்த முறையையும் பாடாமல் விடமுடியாது. கருமிகள் இரகசியத்தைப் பூட்டி வைப்பார்கள். வள்ளலுக்குப் பூட்டத் தெரியுமா? தம்பிக்கு உதவட்டும் என்று கணக்காளரிடம் சொன்னார். பார்த்து நடந்துகொள்ளட்டும் என்று சாரதியிடம் சொன்னார். மனிதவளப் பொறுப்பாளர் அம்மையாரிடம் சொல்லாமல் இருப்பது முறையில்லை அல்லவா? சாரதி எங்கள் ஊர். அன்று அஸர் தொழுகை முடிந்து பிரதான வீதியின் ஈச்சமரங்களின் கீழே ஆட்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது, அந்தச் செய்தியும் ஒரு கோப்பை தேத்தண்ணியோடு கை மாறிக்கொண்டிருந்தது. தம்பியின் தங்கைக்கு ஒரு நல்ல இடத்துப் பேச்சு அப்போது முற்றிவந்திருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்கவேண்டும். வாப்பாவும் காக்காமாரும் வருசக்கணக்காகச் சீமெந்தும் கல்லுமாகச் சேர்த்துக் கட்டும் வீடு அது. தம்பியின் சம்பளத்தில் பாதி அந்தச் சுவர்களுக்குள்தான் போனது. மாப்பிள்ளை வீட்டார் பிறகு வரவில்லை. ‘குடும்பத்தில இருக்காம்’ என்று மட்டும் சொல்லியனுப்பினார்கள். கூரை போடும் செலவையும் கலியாணச் சாப்பாட்டுச் செலவையும் இப்படி ஒரே மூச்சில் மிச்சப்படுத்திக் கொடுத்த உபகாரிக்கு எங்கள் குடும்பம் என்ன கைம்மாறு செய்யும்?

2025 ஜனவரி 20ஆம் திகதி வாசிங்டனில் புதிய ஜனாதிபதி ஒரு கையெழுத்துப் போட்டார். அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி 90 நாளுக்கு நிறுத்தப்பட்டது. அந்த உதவியை வழங்கிவந்த யூஎஸ்எய்ட் அமைப்பின் பணியே ஜூலை முதலாம் திகதி நின்றுபோனது. அந்தக் கையெழுத்தின் நிழல் எங்கள் வாவியில் விழ இரண்டு கிழமைகூட எடுக்கவில்லை. எந்தெந்த அலுவலகத்தில் ஆட்குறைப்பு என்று மட்டக்களப்பு முழுக்க அதே பேச்சு. வள்ளலின் மேசைக்கும் பட்டியல் எழுதும் பாரம் வந்து சேர்ந்தது. பதினான்கு பேரில் நால்வர் போகவேண்டும். மூவரை எழுதுவதில் சிரமமிருக்கவில்லை. அவர்களுடைய செயற்றிட்டம் மூடப்பட்டுவிட்டது. நான்காமவரை எப்படித் தெரிவது? சேவைக்காலமா, திறமையா, குடும்பச் சுமையா? சாதாரண முகாமையாளர்கள் இங்கேதான் தடுமாறி நீதி தவறுகிறார்கள். எங்கள் வள்ளலிடமோ ஒக்டோபர் மாதமே அளந்து வைத்த அளவுகோல் ஒன்று தயாராக இருந்தது.

2024 டிசம்பர் மதிப்பீட்டுப் படிவத்தில் தம்பியின் வேலைக்கு ‘மிகத் திருப்தி’ என்று எழுதியவர் அவரேதான். பெப்ரவரியில் அவருடைய ஞானக்கண் திறந்தது. தம்பி ஒன்பது மணிக்கு வருவது அப்போதுதான் அவர் பார்வையில் பட்டது. நாள் தவறாமல் ‘தாமதம்’ என்று சிவப்பு மையில் குறிக்கப்பட்ட வரவுப் பதிவேட்டை அவர் முன்னால் வைத்தார்கள். அனுமதி வாயால் வழங்கப்பட்டது, தாமதம் மையால் பதியப்பட்டது. இரண்டையும் வழங்கியது ஒரே திருக்கரம், ஒரே திருவாய். கிளினிக்குக்குப் போன நான்கு காலைப்பொழுதுகள் ‘அறிவித்தலின்றி வராமை’ ஆயின. ஒரு வவுச்சரில் இலக்கம் மாறிப்போனது ‘கவனச் சிதறல்’ ஆனது. அதே கிழமையில் இன்னொருவர் ஒரு வவுச்சரையே தொலைத்திருந்தார். அவர் ஒக்டோபரில் கைதட்டியவர்களில் ஒருவர், எழுந்து நின்றவர் அல்லர்.

கடிதத்தைக் கொடுத்த விதத்தில்தான் கருணை ததும்பி வழிந்தது. கதவைச் சாத்தினார். தண்ணீர் கொடுத்தார். ‘இந்த நேரத்தில வேலப்பளு கூடும் தம்பி. உங்களுக்கு அது தாங்காது. உங்கட நலனுக்காகத்தான் செய்யிறம். கொஞ்சம் றெஸ்ட் எடுங்க’ என்றார். சம்பளமில்லாமல், வீட்டுக் கூரை பாதியில் நிற்க, ஊர் முழுக்கப் பேச, தங்கை அறைக்குள் அடைந்து கிடக்க, ஓர் இளைஞன் எடுக்கும் ஓய்வு எவ்வளவு ஆழமானது என்று எந்த வைத்தியராவது எழுதிக்கொடுத்திருக்கிறாரா? எங்கள் வள்ளல் எழுதிக்கொடுத்தார். அடுத்த கிழமையே தம்பியின் கதிரையில் ஒரு புதிய பிள்ளை வந்து உட்கார்ந்தது. அந்தப் பதவி குறைக்கப்படவேயில்லை. அதில் இருந்தவன் மட்டுமே குறைக்கப்பட்டான்.

நான் சும்மா இருக்கவில்லை. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலை ஔவை சென்று பார்த்து வியந்ததைப்போல, எங்கள் நாட்டுச் சட்டங்களின் கொட்டிலைச் சென்று பார்த்தேன். ஒரு சட்டத்தரணி திறந்து காட்டினார். என்ன மினுக்கம்! 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வலதுகுறைந்தோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் நெய் பூசி மாலை சூட்டியபடி நின்றது. ஒரு கீறல் இல்லை, ஒரு முனை மழுங்கவில்லை. வலதுகுறைவைக் காரணமாக வைத்து எவரையும் வேலைக்குச் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்று அதன் 23ஆம் பிரிவு முழங்குகிறது. சேர்த்த பிறகு வெளியேற்றுவது பற்றி அந்தப் பிரிவு நாவடக்கம் காக்கிறது. உள்ளே வரும் வாசலுக்குக் காவல் வைத்து, வெளியே தள்ளும் வாசலைக் காற்றோட்டத்துக்கு விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் 1988ஆம் ஆண்டின் சுற்றுநிருபம்: அரச சேவை வெற்றிடங்களில் 3 வீதம் வலதுகுறைந்தோருக்கு. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளர் சமவாயம்: 2007இல் கையெழுத்து, 2016இல் பின்னுறுதி. ஒன்பது வருசம் யோசித்து உறுதி சொல்லும் நாடு எவ்வளவு நிதானமான நாடு! அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையையும் கண்டேன். இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் என்று பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களை அது வரிசைப்படுத்துகிறது. உடம்பின் குறையும் மனத்தின் நோயும் அந்த வரிசையில் இல்லை. இருந்திருந்தாலும் அடிப்படை உரிமை வழக்கு அரசின் செயலுக்கு எதிராகத்தான்; மேல்மாடிக் கண்ணாடிக் கதவுக்கு அது எட்டாது. எல்லாவற்றுக்கும் மூத்ததாக, 1873இல் வெள்ளைக்காரர் இயற்றிய மனநோய்க் கட்டளைச் சட்டம் வீற்றிருந்தது. காத்தான்குடியில் எங்களுக்கொரு பூர்வீக நூதனசாலை உண்டு; அங்கே உள்ள பழம்பொருள்களெல்லாம் ஓய்வுபெற்றவை, இதுவோ இன்னும் பணியில் இருக்கிறது.

இந்தக் கொட்டிலில் ஓரளவு பயன்பட்டுத் தழும்பேறிய ஆயுதம் ஒன்றும் கிடந்தது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒரு தொழிலாளியை நிறுத்துவதாயின், அவனுடைய எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ முன்கூட்டியே வேண்டும் என்பது அதன் கூர்முனை. என் கண்கள் மின்னின. சட்டத்தரணி கேட்டார்: ‘எத்தனை பேர் வேலை செய்யிற இடம்?’ பதினான்கு என்றேன். அவர் கொப்பியை மூடினார். பதினைந்துக்குக் குறைந்த இடத்தை அந்தச் சட்டம் தொடாது. சாரதியும் தேத்தண்ணி ஊற்றும் ராத்தாவும் வேறொரு கொம்பனியின் சம்பளப் பட்டியலில் இருந்தது எதற்காக என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அலுவலகத்துக்குள் கால் வைத்த நாள் முதல் பதினான்கு என்ற எண்ணைப் பொன்னைப்போல் காத்த வள்ளலின் கணித மேதைமைக்கு முன்னால் என் தலை தானாகத் தாழ்ந்தது. போதாக்குறைக்கு, தம்பியின் நியமனக் கடிதம் பதினொரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டது. பணிக்கொடைக்கு ஐந்து வருசம் வேண்டும். அவனுக்கு நான்குகூட நிறையவில்லை. தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் போகலாம். போனால், நிறுத்தியதற்கு நோய்தான் காரணம் என்று பகிரங்கமாகச் சொல்லவேண்டும். ஒருமுறை சொன்னதன் பலனை இப்போதுதான் அனுபவித்துக்கொண்டிருந்தவன் இரண்டாம் முறை சொல்ல மறுத்துவிட்டான்.

வாவிக்கரையில் இதற்கு முன்பும் செவி கொடுத்தவர்கள் இருந்தார்கள் என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவைக்கிறேன். 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா என்று ஒன்று தொடங்கினார்கள். யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடாவிலிருந்து வந்த கலைஞர் போல் ஹோகனும் அதன் முன்னோடிகள். போரில் அடிபட்ட தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒரே மரநிழலில் உட்காரவைத்து, களிமண் பிசையவும் கதை சொல்லவும் விட்டு, மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எந்தப் பிள்ளை நடுங்கியது என்று பட்டியல் போட்டார்களா? அந்தப் பட்டியலை எவருக்காவது உதவட்டும் என்று கொடுத்தார்களா? கேட்டதைக் கேட்டபடியே மண்ணில் புதைத்துவிட்டார்கள். வளத்தை இப்படி வீணடித்தவர்களை எங்கள் வள்ளலோடு ஒப்பிடவே கூசுகிறது.

இந்திய உச்ச நீதிமன்றமும் 2021 டிசம்பர் 17ஆம் திகதி இப்படியொரு பழைய காலத்துப் போக்கில் சறுக்கியிருக்கிறது. மத்திய சேமப் பொலிஸ் படையின் அதிகாரி ஒருவர். மனச்சோர்வும் வேறொரு மனநோயும் உள்ளவர். அவர்மேல் ஒழுக்காற்று விசாரணை வைத்தார்கள். குற்றமென்று சொல்லப்பட்ட நடத்தைக்கு அந்த நோயும் ஒரு காரணமாக இருந்தாலே போதும், விசாரணை பாகுபாடு ஆகிவிடும் என்று கூறி அதை நீக்கிய நீதிபதிகள், அந்த வேலைக்கு அவர் ஏற்றவரல்லர் என்றாலும் சம்பளம் குறையாமல் வேறு வேலை கொடுங்கள் என்றார்கள். துப்பாக்கி தூக்கும் படையிலேயே ஒருவனுக்கு இன்னொரு கதிரை தேடச் சொன்ன அந்த நீதிபதிகள், வவுச்சர் எழுதும் ஒருவனுக்கு அரை மணித்தியாலம்கூடத் தேடத் தேவையில்லை என்று கண்ட எங்கள் வள்ளலிடம் ஒரு நாள் வந்து பாடம் கேட்டிருக்கலாம்.

மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாள்கள் உலகத்தில் வீணாகின்றன என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் அமைப்பும் 2022இல் கணக்குச் சொன்னபோது நாடுகள் கைபிசைந்து நின்றன. வள்ளல் தம் பங்குக்கு அதைத் தீர்த்துவைத்தார். மாதத்தில் ஒரு காலைப்பொழுதை இழந்துகொண்டிருந்த என் தம்பி இப்போது முப்பது நாளையும் இழக்கிறான். அலுவலகக் கணக்கில் இழப்பு பூச்சியம்.

அவருடைய அற்புதங்களில் தலையாயதை இறுதிக்காக வைத்திருந்தேன். ஒக்டோபரில் தம்பி எழுந்து நின்றபோது, கையைப் பாதி உயர்த்தி, முக்காட்டைச் சரிசெய்வதுபோல் இறக்கிக்கொண்ட ஒரு பெண் இருந்தாளாம். பிள்ளை பெற்ற பிறகு உறக்கம் இழந்தவள். வெளிமாவட்டத்திலிருந்து வந்து வாடகை அறையில் தனியே இருக்கும் ஒருவர், கூட்டத்துக்கு முதல் நாளெல்லாம் கை நடுங்கும் ஒருவர் என்று இன்னும் சிலரைத் தம்பிக்குத் தெரியும். நோய் நோயை அடையாளம் கண்டுகொள்ளும். தம்பி கடிதத்தோடு படியிறங்கிய நாளுக்கு அடுத்த நாள் அவர்கள் அத்தனை பேரும் சுகமாகிவிட்டார்கள். லாச்சியிலிருந்த குளிசைகள் விற்றமின் போத்தலுக்குள் போயின. எவருக்கும் கிளினிக் இல்லை, எவருக்கும் மெடிக்கல் வேண்டியதில்லை. எட்டு இருபதுக்கே எல்லோரும் கதிரையில் இருக்கிறார்கள், எல்லோரும் சிரிக்கிறார்கள். அங்கொடைப் பேராசிரியர்கள் வருசக்கணக்காக மருந்து கொடுத்தும் காணாத குணத்தை, ஒரு துளி மருந்தில்லாமல், ஒரேயொரு கடிதத்தால், மிஞ்சிய பத்துப் பேருக்கும் ஒரே காலையில் வழங்கிய மருத்துவரை உங்களில் யாராவது கண்டதுண்டா?

2025 ஒக்டோபர் 10, வெள்ளிக்கிழமை, பதாகை மீண்டும் சுவரேறியது. அந்த ஆண்டுக் கருப்பொருள் பேரிடர்களிலும் அவசரகாலங்களிலும் மனநலச் சேவை கிடைப்பது பற்றியது. கேக் அதே பச்சை. வள்ளல் அதே தழுதழுப்போடு கேட்டிருக்கிறார்: ‘யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கா?’ எல்லோரும் இல்லை என்றார்கள். வள்ளல் அகம் மகிழ்ந்து, எங்கள் அலுவலகத்தில் மனநலப் பிரச்சினை எதுவும் இல்லை என்று அறிக்கையில் எழுதினார். அது உண்மை என்று கையொப்பமும் வைத்தார்.

தம்பி இப்போது வேறு இடங்களுக்கு விண்ணப்பம் போடுகிறான். கிளினிக்கை விடவில்லை, ஆனால் மட்டக்களப்புக்குப் போவதில்லை. மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் கல்முனைப் பக்கம் போய்வருகிறான். அங்கே அவனை யாருக்கும் தெரியாது. கொப்பி அரிசிப் பீப்பாவுக்கே திரும்பிவிட்டது. போன கிழமை ஒரு விண்ணப்பத்தை நிரப்பி, பிழை பார்த்துத் தரும்படி என்னிடம் கொண்டுவந்தான். பெயர், முகவரி, கல்வி, அனுபவம் எல்லாம் சரியாக இருந்தன. மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு கட்டம்: ‘நீண்டகால நோய் அல்லது வலதுகுறைவு ஏதும் உண்டா? உமக்கு உதவும் நோக்கத்தில் மட்டுமே கேட்கப்படுகிறது.’

அழகான கையெழுத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தான். நான் திருத்தவில்லை.